காட்டுயிர் காக்கும் பணிகள்

செஞ்சிக் குன்றுகளை அடுத்த வல்லம் வட்டாரத்தில் உழவும் ஏரியும் பிரிக்க முடியாதவை. செஞ்சிப் பகுதிக் குன்றுகளில் தோன்றும் சங்கராபரணி ஆறு, வழியிலுள்ள ஊர்களுக்கு நீரளித்துப் புதுச்சேரிக்கு அருகே கடலில் கலக்கிறது. குன்றின் புதர்க்காடு அழிந்தால், மழைநீர் மண்ணை அரித்துச் சென்று ஏரிகளைத் தூர்த்துவிடும். ஆகவே, காட்டைக் காப்பவர் வயலையும் காக்கிறார். இக்காவலையே வாழ்க்கைத் தொழிலாக மேற்கொள்ள இயலுமா?

பல துறையினரின் கூட்டுப்பணி

காட்டுயிர்ப் பாதுகாப்பு என்றவுடன் காக்கிச் சீருடை அணிந்த வனக்காவலரே நம் நினைவுக்கு வருவார். ஆயினும் அப்பணி பல துறையினரை வேண்டி நிற்பது. விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்துள்ள கழுவெளி இதற்குச் சான்று. உவர்நீர் ஈரநிலமான இது, 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு உலகச் சிறப்புடைய ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

அறிவிப்பு மட்டுமே ஈரநிலத்தைக் காத்துவிடாது. வலசை வரும் பறவைகளை இனங்கண்டு கணக்கிட விலங்கியல் கற்றவர் வேண்டும். நீரின் உவர்ப்பை ஆராய வேதியியலாரும், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலப்பரப்பின் மாற்றங்களை அறியப் புவியியலாரும், நோயுற்ற உயிர்களைப் பேணக் கால்நடை மருத்துவரும், சட்டத்தை நடைமுறைப்படுத்த வன அலுவலரும் தேவை. கரையோர மக்களின் தேவைகளை அறிந்துரைக்கச் சமூகவியல் கற்றவரும் வேண்டும்.

மக்களும் பாதுகாப்பும்

மக்களை விலக்கிய பாதுகாப்பு நிலைப்பதில்லை. தோல் வணிகத்திற்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்களின் பிழைப்பு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் முடங்கியது. அவர்தம் திறனுக்கு வேறு வழி காண, 1978ஆம் ஆண்டு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தினர், அரசின் இசைவோடு பாம்புகளைப் பிடித்து, நஞ்சை எடுத்தபின் அவற்றை மீண்டும் இயற்கையில் விடுகின்றனர். அந்நஞ்சு, பாம்புக்கடிக்கு மருந்து செய்யப் பயன்படுகிறது. பாம்பும் பிழைத்தது, பாம்பு பிடிப்பவரும் பிழைத்தார். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கல்வி வழிகள்

மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் இளநிலைப் பட்டம் பயிலலாம். டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம், மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் அ.வ.அ. கல்லூரி ஆகியவற்றில் காட்டுயிர் சார்ந்த முதுநிலைப் படிப்புகள் உள்ளன. இந்திய வனப்பணித் தேர்வை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், வேளாண்மை முதலியவற்றில் பட்டம் பெற்றோர் அதனை எழுதலாம். பணியிடங்கள் குறைவு; போட்டி கடுமையானது. வெயிலும் மழையும் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் நாள்களும் களப்பணியில் உண்டு. இவற்றை அறிந்தே இவ்வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதற்பயிற்சிக்குக் கல்லூரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரே நேரத்தில் ஊர் ஏரிக்குச் சென்று, நீர்மட்டத்தையும் அங்குக் காணும் பறவைகளின் இனத்தையும் எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதி வருக. பெயர் தெரியாத பறவையாயின் அதன் அலகு, கால், நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. ஒரு நாள், அந்த ஏரியில் முன்பு என்னென்ன வாழ்ந்தன என்ற கேள்வி எழும். அப்போது உங்கள் குறிப்பேடே விடை கூறும்.