வெப் சைட்டிற்கு வீடு மாற்றுகிறீர்களா? டேட்டாபேஸ் பத்திரம்!

காட்பாடியில் பெல்ட், பர்ஸ், ஷூ விற்கும் கடை ஒன்று வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் சரக்கு வருகிறது. வெளியூர் ஆர்டருக்காக எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெப் சைட் தொடங்கினீர்கள். இப்போது அது மெதுவாகத் திறக்கிறது. ஆண்டுக் கட்டணமும் ஏறிவிட்டது. வேறு ஹோஸ்டிங் நிறுவனத்திற்கு மாறலாம் என்று நினைக்கிறீர்கள். படங்களும் பக்கங்களும் சாதாரண பைல்கள்தான். காப்பி செய்து கொண்டு போய்விடலாம். ஆனால் வாடிக்கையாளர் முகவரி, எட்டு ஆண்டு ஆர்டர், பாக்கிக் கணக்கு எல்லாம் டேட்டாபேஸில் இருக்கின்றன. சிக்கல் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் ஒரு உண்மைச் சம்பவத்தைப் பார்த்து விடலாம். நெட்4 இந்தியா என்று ஒரு நிறுவனம் இருந்தது. டொமைன் பெயர், ஹோஸ்டிங், இமெயில் எல்லாவற்றையும் இங்கிருந்தே விற்றது. 2017-இல் அது திவால் நடவடிக்கைக்குள் சென்றது. நாளடைவில் கஸ்டமர் சப்போர்ட்டில் பதில் கிடைப்பது அரிதாகிவிட்டது. வேறு நிறுவனத்திற்கு மாற விரும்பியவர்களுக்கு அதற்குத் தேவையான ரகசியக் குறியீடு (ஆத் கோடு) கிடைக்கவில்லை. பணம் கட்டியும் டொமைனைப் புதுப்பிக்க முடியாமல் பலர் தவித்தார்கள். டொமைன் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பிற்கு ஆயிரக்கணக்கில் புகார்கள் சென்றன. 2021 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்வதாக ஐகேன் அறிவித்தது. அந்த ஆண்டிலேயே டொமைன்கள் வேறு நிறுவனத்திற்கு மாற்றப்பட்டன. டொமைன் பிழைத்தது; ஆனால் சர்வரில் இருந்த டேட்டாவிற்கு ஐகேன் பொறுப்பல்ல. சொந்தமாக பேக்கப் வைத்திருந்தவர் புதிய இடத்தில் சைட்டை எழுப்பிக் கொள்ளலாம். வைத்திருக்காதவர் என்ன செய்வார்?

அதனால் டொமைனை ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங்கை வேறொரு நிறுவனத்திலும் வைத்துக் கொள்வது நல்லது என்பது என் கருத்து. இரண்டு பில் வரும், அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம். பெரும்பாலான ஹோஸ்டிங்கில் சி-பேனல் போன்ற ஒரு கன்ட்ரோல் பேனல் இருக்கும். அதில் பிஎச்பி மைஅட்மின் என்பதைத் திறந்து, உங்கள் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்போர்ட் என்பதில் கிளிக் செய்யவும். கம்ப்ரஷன் என்ற இடத்தில் ஜிஜிப் என்பதைத் தேர்ந்தெடுக்கத் தவறாதீர்கள். டேட்டாபேஸ் பைல் வெறும் எழுத்துக்களால் ஆனது என்பதால் நன்றாகச் சுருங்கும்.

சிறிய டேட்டாபேஸ் என்றால் இது போதும். பெரிதாக இருந்தால் இரண்டு இடத்தில் தடை வரும். பிஎச்பி மொழியில் அப்லோடு அளவு, யாரும் மாற்றாவிட்டால், 2 எம்பி மட்டுமே. ஹோஸ்டிங் நிறுவனங்கள் இதைக் கூட்டி வைத்திருக்கும். ஆனாலும் 600 எம்பி பைலை ஏற்காது. அடுத்து நேரம். ஒரு புரோகிராம் 30 விநாடிக்கு மேல் ஓடினால் நிறுத்தி விடு என்பது வழக்கமான செட்டிங். பைல் பாதியில் நின்றுவிடும். சில சமயம் எந்த எரரும் காட்டாது.

இங்கே உங்கள் இன்டர்நெட் வேகத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். அப்லோடு வேகம் 2 மெகாபிட் என்றால், 600 மெகாபைட் பைல் போய்ச் சேர 40 நிமிடம் ஆகும். (ஒரு பைட்டிற்கு 8 பிட்.) நடுவில் கரன்ட் போனால் மீண்டும் முதலிலிருந்து. எனவே பெரிய பைலை வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாகக் கொண்டு போகாமல், பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு நேரடியாக அனுப்புவதே சிறந்த வழி. இதற்கு எஸ்எஸ்எச் என்ற வசதி வேண்டும். அது இருந்தால் மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற கட்டளையில் முழு டேட்டாபேஸும் ஒரே பைலாக வந்துவிடும். அந்த பைலின் கடைசி வரியில் டம்ப் முடிந்தது என்ற குறிப்பும் தேதியும் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த வரி இல்லையென்றால் பைல் முழுமையில்லை என்று சந்தேகிக்க வேண்டும். எஸ்எஸ்எச் இல்லாதவர்கள் பிக்டம்ப் போன்ற ஸ்கிரிப்டைப் பயன்படுத்திப் பைலைச் சிறிது சிறிதாக ஏற்றலாம்.

பேக்கப் எடுத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கிட்லேப் என்ற பெரிய நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று முக்கிய டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடிப் போனால் அது காலி! டேட்டாபேஸ் 9.6 பதிப்பு; பேக்கப் எடுக்கும் புரோகிராமோ 9.2 பதிப்பு. தினமும் தோல்வியடைந்திருக்கிறது, எச்சரிக்கை மெயில்களும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்த காப்பி ஒன்று இருந்ததால் தப்பித்தார்கள். அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

அடுத்தது நம் தமிழுக்கே உரிய தொல்லை. புதிய சர்வரில் ஏற்றிப் பார்த்தால், வாடிக்கையாளர் பெயர் இருந்த இடத்தில், தலையில் சிறு கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்திற்குள் ஆர் எழுத்தும் வரிசையாக நிற்கும். காரணம் இதுதான். யூனிகோட் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎப்-8 முறையில் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட். மைஎஸ்க்யூஎல் 5.7 வரை, தனியாகச் சொல்லாவிட்டால் லத்தீன்1 என்ற முறைதான் இயல்பாக இருந்தது. அது ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக நினைத்துக் கொள்ளும். 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் இது யூடிஎப்8எம்பி4 என்று மாறியது.

இந்தக் குப்பை எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பைட்டுகள் உள்ளே இருப்பதால் பெரும்பாலும் மீட்டு விடலாம். பயப்பட வேண்டியது கேள்விக்குறிகளைக் கண்டால்தான். தமிழ் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகளே பதிந்திருந்தால், அந்தக் காப்பியில் எழுத்து அழிந்துவிட்டது. மூலத்திலிருந்து மீண்டும் எடுப்பதைத் தவிர வழியில்லை. அதனால்தான் பழைய ஹோஸ்டிங்கை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள் என்கிறோம். ஒரு மாதக் கட்டணம் வீண் என்று தோன்றலாம், பரவாயில்லை.

'அன்நோன் கொலேஷன்' என்று எரர் வந்தால், புதிய பதிப்பிலிருந்து எடுத்ததைப் பழைய பதிப்பில் ஏற்றுகிறீர்கள் என்று பொருள். புதிய நிறுவனத்தில் எந்தப் பதிப்பு என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக் கொள்ளவும்.

எதுவும் சரிவரவில்லை என்றால் கஸ்டமர் சப்போர்ட்தான். "சைட் வேலை செய்யவில்லை, உடனே பார்க்கவும்" என்று எழுதினால், "பிரவுசர் கேஷை அழித்துப் பாருங்கள்" என்றுதான் பதில் வரும். டேட்டாபேஸின் பெயர், பைலின் அளவு, நீங்கள் செய்தது என்ன, எரர் வாசகம் எழுத்துப் பிசகாமல், இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு நடந்தது – இவற்றை எழுதுங்கள். ஒரு டிக்கெட்டில் ஒரு பிரச்சினை மட்டும். பதில் வரவில்லை என்று புது டிக்கெட் போட்டால், பல இடங்களில் மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள், பழையதிலேயே தொடரவும். "பைலை உங்கள் சர்வரிலேயே வைத்திருக்கிறேன், இம்போர்ட் செய்து தர முடியுமா?" என்று நேராகக் கேட்கலாம். பல நிறுவனங்கள் இதைச் செய்து தருகின்றன.

சப்போர்ட் எண்ணை மட்டும் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். போலி எண்கள் ஏராளம். உங்கள் அக்கவுன்ட்டிற்குள் லாகின் செய்து, அங்கே உள்ள எண்ணையே பயன்படுத்தவும். ஓடிபி கேட்டாலோ, கம்ப்யூட்டரை தூரத்திலிருந்து இயக்கும் சாப்ட்வேரை நிறுவச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

மாற்றும் நாளில் பழைய சைட்டில் 'பராமரிப்புப் பணி' அறிவிப்பு வைத்து ஆர்டரை நிறுத்திய பிறகே கடைசி பேக்கப் எடுக்கவும். இல்லாவிட்டால் சில ஆர்டர்கள் பழைய டேட்டாபேஸிலேயே தங்கிவிடும். முந்தைய நாளே டிஎன்எஸ் பகுதியில் டிடிஎல் மதிப்பை 300 விநாடிக்குக் குறைத்து வைத்தால் மாற்றம் விரைவில் பரவும். ஊருக்குத் திறக்கும் முன், உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் பைலில் புதிய சர்வரின் ஐபி எண்ணையும் டொமைன் பெயரையும் எழுதினால், புதிய சைட் உங்களுக்கு மட்டும் தெரியும். தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேடிப் பாருங்கள். பழையதிலும் புதியதிலும் மொத்த ஆர்டர் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சோதனை ஆர்டர் ஒன்றும் போட்டுப் பார்க்கவும். எல்லாம் சரியென்றால் டிஎன்எஸ்ஸை மாற்றிவிட்டு, ஹோஸ்ட்ஸ் பைலில் எழுதியதை நீக்கிவிடவும்.

அப்லோடு செய்த எஸ்க்யூஎல் பைல், பப்ளிக் போல்டரில் கிடக்கிறதா என்றும் பார்க்கவும். பைலின் பெயரை ஊகிக்கும் எவரும் உங்கள் வாடிக்கையாளர்களின் முகவரியையும் போன் எண்ணையும் டவுன்லோடு செய்து கொள்ளலாம். இம்போர்ட் முடிந்த அன்றே அதை அழித்துவிடுங்கள்.