மலையிறக்கத்தில் முப்பது மீட்டர் கணக்கு

நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் போர்ஷே 911 ஜிடி3, பிரேக்கை அழுத்தினால் ஏறத்தாழ 30 மீட்டரில் நின்றுவிடும். சாதாரண காருக்குச் சுமார் 40 மீட்டர் வேண்டும். வார இறுதியில் குன்னூரில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார் பையன்கள் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "ஆனா இப்ப பெடல் உள்ள போகுதுண்ணா" என்பார்கள்.

"அது ஒருதடவை நிக்கிற கணக்கு தம்பி. மலையில அது செல்லாது" என்பேன்.

பிரேக் செய்யும் வேலை வேகத்தைச் சூடாக மாற்றுவதுதான். 1,500 கிலோ எடையுள்ள கார் நூறில் வந்து ஒருமுறை நின்றால், டிஸ்க்கில் ஏறுவது சுமார் 5.8 லட்சம் ஜூல் வெப்பம். அதே கார் 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே வருகிறது. அந்த இறக்கம் விடுவிக்கும் ஆற்றல் சுமார் 280 லட்சம் ஜூல். நூறில் வந்து நாற்பத்தெட்டு முறை நிற்பதற்குச் சமம். இன்ஜினும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தால் ஏறக்குறைய முழுச் சுமையும் பிரேக்கின் தலையில்தான்.

ரேஸ் டிராக்கில் பிரேக் இதைவிடக் கடுமையாகக் காயும். ஆனால் அங்கே அடுத்த நேர்ப்பாதையில் வண்டி பறக்கும்போது காற்று டிஸ்க்கைக் குளிர்வித்துவிடும். குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில், முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருக்க, முப்பதில் இறங்கும் காருக்கு அந்தக் காற்று எங்கிருந்து கிடைக்கும்?

"என்னுது செராமிக் பிரேக்" என்று ஒருவர் வாதாடினார். நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. 2001இல் போர்ஷே தன் 911 ஜிடி2வில் கொண்டுவந்தது. வார்ப்பிரும்பு டிஸ்க்கில் பாதி எடை. சூட்டில் பிடிப்பும் எளிதில் தளராது. ஆனால் காலின் அழுத்தத்தை டிஸ்க் வரை கொண்டுபோவது பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுள்ளது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள். பெடலை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், வண்டி நிற்காது. லட்சக்கணக்கில் விலையுள்ள செராமிக் டிஸ்க்கும் அப்போது வெறும் தட்டுதான்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது இந்த ஆயில்தான். விலையுயர்ந்த கார் வருடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். "ஓடாத வண்டிக்கு எதுக்குண்ணா ஆயில் மாத்தணும்?" என்கிறார்கள். ஈரம் கிலோமீட்டர் பார்த்து ஏறுவதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும்.

எலெக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்னொரு சிக்கல். டைகான் போன்றவை இறங்கும்போது மோட்டாரையே பிரேக்காக்கி, பேட்டரியில் மின்சாரம் சேர்க்கும். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தக் கார் மேட்டுப்பாளையம் வருவதற்குள் விடுவிக்கும் ஆற்றல் பத்து யூனிட்டுக்கு மேல். ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அதை எங்கே வைப்பது? எண்பதோடு நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

மலை ரயிலைக் கட்டியவர்கள் இந்தச் சூட்டுக் கணக்கை நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1899இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய அந்த ரயிலில், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவுக்காகப் பல்சக்கரம் வைத்தார்கள். இன்றும் பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஆள் நிற்கிறார். சாலையில் வருபவருக்கு அத்தகைய துணை இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி சாலையில் 36 வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னைக் கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்து பேர் உயிரோடு இல்லை. வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கக் கட்டுப்பாடு வந்தது அதன் பிறகுதான்.

ஏறின கியரிலேயே இறங்கணும் என்பது எங்கள் எஸ்டேட் லாரி டிரைவர்களின் சட்டம். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் மேனுவல் மோடில் போட்டு இரண்டாவது கியரில் வையுங்கள். வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து, உடனே விட்டுவிடுங்கள். பெடலில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். கருகல் நாற்றம் வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். ஹேண்ட்பிரேக்கை நம்பாமல் கியரிலோ பார்க்கிலோ போட்டு, சக்கரத்துக்கு முன்னால் கல் வையுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். காய்ந்த வார்ப்பிரும்பு டிஸ்க் கோணிப்போகும், விரிசலும் விடும்.