ஐந்நூறு விமானம், ஒரே ஆர்டர்

சுந்தரபாண்டியத்துக்காரர் சென்னைக்குப் பறக்க வேண்டுமானால் முதலில் கிருஷ்ணன்கோவில் போய் மதுரை பஸ் பிடிக்கவேண்டும். மதுரையில் அவர் ஏறுவது அநேகமாக இண்டிகோவாக இருக்கும்.

2023 ஜூனில், பாரிஸ் விமானக் கண்காட்சியில் இந்த நிறுவனம் ஏர்பஸ்ஸிடம் ஒரே மூச்சில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதற்கு முன்பே ஊகங்கள் றெக்கை கட்டிப் பறந்தன. பிப்ரவரியில் ஏர் இந்தியா சொன்ன 470-ஐயும் தாண்டிய எண்ணிக்கை. இத்தனையையும் எங்கே நிறுத்துவார்கள்?

நிறுத்தவே வேண்டாம். இவை வந்து சேர்வது 2030 முதல் 2035 வரை, கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு ஏன் ஒரே ஆர்டர்? மொத்தமாக வாங்கினால் விலை குறையும். பலசரக்குக் கடைக் கணக்குதான். வந்த விமானத்தைக் குத்தகை நிறுவனத்திடம் விற்று, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டுவதும் இவர்களுக்குப் பழகிய வித்தை.

பெரிய ஆர்டரும் இவர்களுக்குப் புதிதல்ல. 2005-ல் இவர்கள் 100 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது கையில் ஒரு விமானம்கூட இல்லை. முதல் விமானம் கிளம்பியதே 2006 ஆகஸ்டில்தான்.