பிள்ளைக்கு 2 வயசு... ஒப்பந்தம் 25 வருஷம்! 'டைம்ஷேர்' ரிசார்ட்டில் சேரும் முன் கணக்கு போடுங்க

கோடை விடுமுறை வந்து விட்டால் போதும். ஊட்டி, கொடைக்கானல் என்று குடும்பத்தோடு மலையேறி விடுகிறார்கள். கைக்குழந்தை, பாட்டி, பால் பாட்டில், ஸ்வெட்டர் மூட்டை சகிதம் போகிறவர்களுக்கு ஓட்டலில் ஒரே அறை போதாது. ராத்திரி 2 மணிக்கு குழந்தை பாலுக்கு அழுதால் வெந்நீருக்கு எங்கே போவது?

இந்த தவிப்பு விற்பனை பிரதிநிதிகளுக்கு நன்றாக தெரியும். ஷாப்பிங் மாலில் கூப்பன் எழுதி போட்டால் 2 நாள் கழித்து போன் வருகிறது. "உங்களுக்கு பரிசு விழுந்திருக்கு சார். மேடத்தையும் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோங்க" என்கிறார்கள். போய் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் பேச்சு. எழுந்திருக்கும்போது கையில் பரிசும் இருக்கும். தலையில் லட்சக்கணக்கில் கடனும் இருக்கும்.

டைம்ஷேர் என்றால் என்ன? குழந்தைகளோடு தங்க அது நல்ல இடம்தானா? பணம் கட்டி உறுப்பினர் ஆவது லாபமா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஆளுக்கு ஒரு வாரம்

ரிசார்ட் அறையை ஒருவரே வாங்காமல், பலர் பணம் போட்டு வருடத்தில் ஆளுக்கு ஒரு வாரம் என்று தங்கிக்கொள்வதுதான் டைம்ஷேர். 1963-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஹாபிமாக் நிறுவனம் இதற்கு முன்னோடி. தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. ஸ்டெர்லிங் நிறுவனம் 1986-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. மகிந்திரா ஹாலிடேஸ் 1996-ல் வந்தது.

நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது தங்கும் உரிமை மட்டும்தான். அறை உங்கள் பெயருக்கு பத்திரம் ஆகாது. 'சொத்து வாங்குறீங்க' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குழந்தைகளுக்கு சவுகரியமா?

சவுகரியம்தான். சின்ன ஹால், தனி படுக்கை அறை, பிரிட்ஜ், சமையல் மேடை என்று வீடு மாதிரி அறைகள் பல ரிசார்ட்களில் உண்டு. குழந்தை தூங்கினால் கதவை சாத்தி விட்டு பெரியவர்கள் ஹாலில் பேசிக்கொண்டு இருக்கலாம். விளையாட்டு அறை, நீச்சல் குளம் எல்லாம் உள்ளேயே இருக்கும்.

ஆனால் புக்கிங் செய்யும் முன்பே சில விஷயங்களை கேட்டு விட வேண்டும். சமையல் மேடை இருந்தாலும் சில இடங்களில் சமைக்க அனுமதி கிடையாது. பால் காய்ச்ச, கஞ்சி வைக்க வழி உண்டா? வெந்நீர் 24 மணி நேரமும் வருமா, குறிப்பிட்ட நேரம் மட்டும்தானா? மாடி அறை என்றால் பால்கனி கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? பக்கத்தில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? போனிலேயே கேட்கலாம். தப்பில்லை.

ஜன்னலை திறந்து போட்டால் குரங்கு உள்ளே வந்து பிஸ்கட் பாக்கெட்டை தூக்கிக்கொண்டு போய் விடும். குழந்தை கையில் தின்பண்டம் கொடுத்து பால்கனியில் விட வேண்டாம். நீச்சல் குளத்தில் காவலர் நின்றாலும், சின்னப்பிள்ளைகள் அப்பா, அம்மா கை எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று. குளிருக்காக கரி அடுப்பை அறைக்குள் வைத்து கதவை மூடிக்கொண்டு தூங்கக்கூடாது. அதில் வரும் விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய் விடும். மலைப்பகுதிகளில் இப்படி பலர் இறந்துள்ளனர்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு வெளியூர் வாகனங்களில் போக 2024 மே 7-ந்தேதி முதல் இ-பாஸ் முறை கொண்டு வரப்பட்டது. சொந்த காரிலோ வேனிலோ போகிறவர்கள் கிளம்பும் முன் இதை பார்த்துக்கொள்வது நல்லது. கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுப்பது சகஜம். வயிறு முட்ட சாப்பாடு கொடுத்து ஏற்ற வேண்டாம்.

கலரில் இருக்குது சூட்சுமம்

இனி பண விஷயத்துக்கு வருவோம். உறுப்பினர் கட்டணத்தை பர்ப்பிள், ரெட், ஒயிட், புளூ என்று கலர் கலராக பிரித்து வைத்திருக்கிறார்கள். பர்ப்பிள் தான் காஸ்ட்லி. வருடம் முழுவதும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். புளூ விலை குறைவு. ஆனால் கூட்டம் இல்லாத நாட்களில் மட்டும்தான் அறை கிடைக்கும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழந்தைக்கு 2 வயது இருக்கும்போது ஜூலையில் போனால் என்ன, நவம்பரில் போனால் என்ன? 'புளூவே போதும்' என்று தோன்றும். அதே பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து விட்டால் மே மாதம்தான் லீவு. மே மாதத்தில் புளூ செல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பல ரிசார்ட்களில் 12 வயது தாண்டினால் பெரியவர் கணக்கு. அப்போது சின்ன அறை போதாது.

ஒப்பந்தமோ பெரும்பாலும் 25 வருடம். இன்று 2 வயது குழந்தைக்கு அது முடியும்போது 27 வயது. அந்த பிள்ளைக்கே கல்யாணம் ஆகியிருக்கும்!

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

உதாரணத்துக்கு, உறுப்பினர் கட்டணம் ரூ.4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 25 வருடத்துக்கு பிரித்தால் வருடத்துக்கு ரூ.16 ஆயிரம். இதோடு போனாலும் போகாவிட்டாலும் ஆண்டு பராமரிப்பு கட்டணம் கட்ட வேண்டும். அது ரூ.18 ஆயிரம் என்றால் மொத்தம் ரூ.34 ஆயிரம். 6 ராத்திரி தங்கினால் ஒரு ராத்திரிக்கு சுமார் ரூ.5,670. சாப்பாடு, பஸ் செலவு தனி. தவணையில் கட்டினால் வட்டி தனி. பராமரிப்பு கட்டணம் வருடா வருடம் ஏறும். ஒரு வருடம் போக முடியாவிட்டால் கணக்கு இன்னும் மோசம்.

இந்த பணத்துக்கு வெளியில் என்ன அறை கிடைக்கும் என்று ஒப்பிட்டு பாருங்கள். அது மட்டுமல்ல, உறுப்பினர் ஆகாமலேயே பல டைம்ஷேர் ரிசார்ட்களில் வாடகைக்கு அறை எடுக்கலாம். சீசன் இல்லாத நாட்களில் வாடகையும் குறையும். குழந்தைகள் சின்னவர்களாக இருக்கும் வரை 2, 3 முறை இப்படி தங்கி பார்த்து விட்டு, அப்புறம் முடிவு செய்யலாம். அவசரம் இல்லை.

கையெழுத்து போடும் முன்...

ஐரோப்பிய நாடுகளில் டைம்ஷேர் ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்ய சட்டத்தில் இடம் உண்டு. நம் நாட்டில் டைம்ஷேருக்கு என்று தனிச்சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் பேசும். எத்தனை நாளில் ரத்து செய்யலாம், எவ்வளவு பணம் திரும்பி வரும், பராமரிப்பு கட்டணம் எவ்வளவு ஏறும் என்ற 3 விஷயங்களை படித்து பார்க்காமல் பேனாவை தொடாதீர்கள். வாயால் சொன்ன சலுகைகளை எழுத்தில் கேளுங்கள். "இன்னிக்கு மட்டும்தான் இந்த ஆபர்" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்து விடலாம்.

கையெழுத்து போட்ட பிறகு, சொன்னபடி அறை தராமல் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, நிறுவனத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கு போட முடியும். கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்கு கட்டணம் கிடையாது. பிரச்சினை ஏற்பட்ட 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ரசீது, ஒப்பந்தம், அறை கேட்டு அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.