சக்கரம் உருள ஒரு களம் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனால் மதுரையின் பாதிக் குடும்பங்கள் அங்கேதான் இருப்பதுபோலத் தோன்றும். மைய மண்டபத்தைப் பார்த்தபடி பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். காந்தி அருங்காட்சியகத்துக்கு அருகிலுள்ள ராஜாஜி பூங்காவிலும், மாநகராட்சி அலுவலகத்தை ஒட்டிய சுற்றுச்சூழல் பூங்காவிலும் இதே காட்சிதான். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபின், பக்கத்து ஊர்களிலிருந்தும் அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இந்த இடங்களில் யாரும் யாரையும் ‘நீ எந்தத் தெரு?’ என்று கேட்பதில்லை. கிராமத்திலிருந்து வரும் தலித் குடும்பத்துக்கு நகரப் பூங்கா தரும் முதல் சுகம் அதுதான். ஊஞ்சலும் சறுக்குமரமும் அதற்குப் பிறகுதான்.

ஆனால், உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ 40 கிலோ மீட்டர். பேரையூர் பக்கத்துக் கிராமங்கள் அதைவிடத் தூரம். வருடத்துக்கு ஒரு முறை சித்திரைப் பொருட்காட்சிக்கு வரலாம். வாரந்தோறும் வர முடியாது. குழந்தைக்கு விளையாட்டு வாரந்தோறும் அல்ல, தினந்தோறும் வேண்டும்.

தரைதான் முதல் தேவை

ஸ்கேட்டிங்கை எடுத்துக்கொள்வோம். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹே நகரில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1,000 மீட்டர் பிரிவில் தங்கம் வென்றார். அந்த விளையாட்டில் உலகச் சாம்பியனான முதல் இந்தியர் அவர். அதற்கு முன் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றன. தமிழகப் பிள்ளைகளுக்கும் எட்டக்கூடிய விளையாட்டுத்தான் இது என்பதில் இனிச் சந்தேகமில்லை.

எந்தத் தமிழகப் பிள்ளைக்கு என்பதுதான் கேள்வி. சக்கரக் காலணிக்குக் காசு வேண்டும். அதைவிட முக்கியமாக, வழவழப்பான தரை வேண்டும். ஸ்கேட்டிங் சக்கரம் சிறியது. ஒரு சரளைக்கல் போதும், பிள்ளை குப்புற விழும். நம் காலனிகளில் பெயர்ந்து கிடக்கும் தார்ச்சாலையில் சைக்கிள் ஓட்டுவதே சாகசம்.

காலுக்கும் தெருவுக்கும் நடுவே சாதி நிற்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. ஆதிக்க சாதியினர் தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்காகப் பள்ளிச் சிறுவன் ஒருவனை அந்தச் செருப்பைத் தலையில் சுமக்க வைத்ததாக 2013இல் உசிலம்பட்டிப் பகுதியில் புகார் எழுந்தது. உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறக்க 2008 மே 6 வரை ஆயிற்று. செருப்புக்கே வழக்கு என்றால், சக்கரம் கட்டிய காலை எந்தத் தெருவில் பழக்குவது?

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுச் சாலையையும் பொதுக் குளத்தையும் கிணற்றையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தலாம் என்று சென்னைச் சட்டமன்றம் 1924இலேயே தீர்மானம் நிறைவேற்றியது. அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு அந்தப் பட்டியலில் பொதுக் கேளிக்கை இடங்களையும் சேர்த்தது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், கேளிக்கை என்பதில் விளையாட்டும் அடங்கும் என்று விளக்கமே எழுதி வைத்திருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் தெளிவானது. ஊரின் பொதுச் சொத்தைச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது, பொது இடத்தில் சைக்கிள் ஓட்டவோ செருப்பு அணியவோ விடாமல் தடுப்பது, பொதுக் கேளிக்கை இடத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பது எல்லாமே குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பூங்காவும் மைதானமும் யாரோ போடும் சலுகை அல்ல. குடிநீர்போல, சுடுகாட்டுப் பாதைபோல, அவையும் உரிமைப் பட்டியலில்தான் இருக்கின்றன. நாம்தான் மனு எழுதும்போது விளையாட்டைக் கடைசி வரியில் போடுகிறோம். பல நேரம் விட்டும் விடுகிறோம்.

ஜன்வார் காட்டிய வழி

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு சிறு கிராமம். ஆதிவாசிகளும் யாதவர்களும் வாழும் ஊர். இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் வழக்கம் இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிகே ரெய்ன்ஹார்ட் 2015இல் அங்கே சிமென்ட்டில் ஒரு ஸ்கேட்டிங் பூங்கா கட்டினார். அவர் வைத்த விதிகள் இரண்டுதான்: பள்ளிக்குப் போகாதவருக்கு ஸ்கேட்டிங் பலகை கிடையாது, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். ஒரே சரிவில் விழுந்து எழுந்த பிள்ளைகள் பலகையை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டார்கள். அங்கே பழகிய ஆதிவாசிப் பெண் ஆஷா கோண்டு 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டிவரை சென்றார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலி, வெறுங்காலுடன் கவுன் போட்டுக்கொண்டு ஸ்கேட்டிங் செய்யும் படம் உலகம் சுற்றியது. அவரையும் தனியாக நின்று அவரை வளர்த்த தாய் சுகந்தியையும் பற்றி எடுக்கப்பட்ட ‘கமலி’ என்ற 24 நிமிட ஆவணப்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தச் சிறுமிக்கு முதலில் கிடைத்தது ஒரு பலகையும், உருள ஒரு சரிவும், ‘போய் விளையாடு’ என்று சொன்ன ஒரு தாயும்தான்.

நம் ஊரில் எங்கே?

ஒவ்வொரு ஊருக்கும் ஸ்கேட்டிங் பூங்கா கட்ட முடியாது. ஆனால், நெல் விளையும் ஊர்களில் பெரும்பாலும் சிமென்ட்டில் போட்ட உலர்களம் இருக்கிறது. அறுவடைக் காலம் தவிர்த்து ஆண்டின் பெரும்பகுதி அது சும்மாதான் கிடக்கிறது. கூட்டிப் பெருக்கினால் ஸ்கேட்டிங் பழக, சைக்கிள் பழக, இறகுப்பந்து ஆட அதைவிட நல்ல தரை ஊரில் இல்லை. ஊராட்சிப் பணத்தில் போட்ட களம் ஊர்ப் பொதுச் சொத்து. காலனிப் பிள்ளைகளுக்கும் அதில் சம பங்கு உண்டு.

விளையாட்டுச் சாமான்களும் அப்படித்தான். தமிழகத்தின் 12,500க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. உங்கள் ஊராட்சியின் தொகுப்பு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, காலனிப் பிள்ளை போய்க் கேட்டால் பந்து கிடைக்கிறதா? மாணவர்கள் இதை விசாரித்து எழுதி வைக்கலாம். ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்காக 2023இல் அறிவிக்கப்பட்ட 1,000 கோடி ரூபாய் அயோத்திதாசர் பண்டிதர் திட்டத்திலும் விளையாட்டிடம் வேண்டுமென்று கேட்கலாம்.

கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. மனுவை எழுத்தில் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து நகல் கேளுங்கள். நடக்காவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். களத்தில் விளையாடக் கூடாது என்று யாராவது சாதியைச் சொல்லித் தடுத்தால், வன்கொடுமைத் தடுப்புக்கான தேசிய உதவி எண் 14566.

அடுத்த கிராம சபைக்குச் சாலை, சாக்கடை, தெருவிளக்கு என்று மனு எழுதும் அக்காக்களும் தம்பிகளும் இந்த முறை முதல் வரியிலேயே எழுதட்டும்: ‘எங்கள் பிள்ளைகள் விளையாட ஓர் இடம்.’