காமிராவுக்கு எந்தப் பாட்டரி?

முகூர்த்த நேரம். கெட்டி மேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். அந்த நேரம் பார்த்து பிளாஷ் மின்னவில்லை, பாட்டரி தீர்ந்துவிட்டது. படத்துக்காக மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா?

மும்பையில் வாரமெல்லாம் ஆபீசில் வேலை பார்த்து, முகூர்த்த நாட்களில் காமிராவுடன் புறப்படும் தமிழர்களுக்கு இந்தக் கவலை உண்டு. கைபேசியில் படம் எடுக்கும் இந்நாளிலும் கல்யாண மண்டபத்தில் பிளாஷுக்கு வேலை இருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் நான்கு பென்சில் செல்கள் வேண்டும். தீர்ந்ததும் எறிகிற செல்லா, சார்ஜ் செய்கிற செல்லா?

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண செல் இதற்கு ஆகாது. கடிகாரம் சிறுகச் சிறுக மின்சாரம் கேட்கும். பிளாஷ் ஒரேயடியாகக் கேட்கும். அல்கலைன் செல் தேவலை. ஆனால் அது தீரத் தீர, ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீளும்.

சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான், அல்கலைன் 1.5. இதைக் கண்டு தயங்க வேண்டாம். வேகமாக மின்சாரம் தருவதில் முன்னதே மேல். நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் செய்யலாம்.

மாதம் இரண்டு கல்யாணம், ஒவ்வொன்றுக்கும் எட்டு செல் என்றால் வருஷத்துக்கு 192 செல்கள் குப்பைக்குப் போகும். சார்ஜ் செய்யும் எட்டு செல்லும் ஒரு சார்ஜரும் வாங்கினால், போட்ட பணம் சில மாதங்களில் திரும்பிவிடும்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகும்போது மட்டும் பழைய டிஜிட்டல் காமிராவை வெளியே எடுப்பவருக்கோ கணக்கு வேறு. சார்ஜ் செய்த செல் பெட்டியில் கிடந்தாலே வலுவிழக்கும். 2005-ல் சான்யோ கம்பெனி கொண்டுவந்த எனலூப் வகை செல்களில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் இவருக்கு, ரயிலேறும் முன் வாங்கும் புது அல்கலைன் செல்களே போதும். ஊரிலிருந்து திரும்பியதும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். உள்ளேயே கிடந்தால் கசிந்து காமிராவையே கெடுத்துவிடும்.

அல்கலைன் செல்லை ஒருபோதும் சார்ஜரில் போடக்கூடாது. பழையதையும் புதியதையும் கலக்கக்கூடாது. எந்த வகையானாலும், முகூர்த்தத்துக்குப் போகிறவர் சட்டைப் பையில் இன்னும் நான்கு செல்கள் இருக்கட்டும்.