எண்ணி வாங்குவோம் – 9: காத்திருப்பதற்கும் விலை உண்டு

1999-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்து வானியல் ஆய்வாளர்கள் சிலர், பாதி வேடிக்கையும் பாதி கணக்குமாக ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். கம்ப்யூட்டரின் வேகம் 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால், நீண்ட கணக்கீடு ஒன்றை இன்றே தொடங்குவது லாபமா, சில மாதம் சும்மா இருந்துவிட்டுப் புது இயந்திரம் வாங்கித் தொடங்குவது லாபமா என்பதுதான் கேள்வி. விடை, 26 மாதம். இன்றைய இயந்திரத்தில் 26 மாதத்துக்குள் முடிந்துவிடும் வேலை என்றால் உடனே தொடங்குவதே மேல். அதைத் தாண்டும் வேலைக்குத்தான் காத்திருப்பு பலன் தரும். அந்தப் பலனும் எவ்வளவு? 40 மாத வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமார் 11 மாதம் பொறுத்து வாங்கினால், அதே வேலை 26 மாதத்தில் முடியும். ஆக மொத்தம் 37. ஏறக்குறைய ஒரு வருடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததற்குக் கிடைத்த கூலி மூன்று மாதம். அதுவும் கம்ப்யூட்டர் வேகம் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்த காலத்துக் கணக்கு. இன்று அந்த ஏற்றம் வெகுவாகத் தணிந்துவிட்டது. எனவே காத்திருப்பவருக்குக் கிடைக்கும் கூலி இன்னும் குறைவு.

வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ லேப்டாப் வாங்க நினைக்கும் யாரிடமும் 26 மாதம் இடைவிடாமல் ஓட வேண்டிய கணக்கீடு இருக்காது. அவர்களுடைய வேலை அன்றாடம் வருவது, அன்றாடம் முடிய வேண்டியது. பழைய லேப்டாப் ஆன் ஆகவே ஐந்து நிமிடம் எடுக்கிறது, பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை என்றால், பொறுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஐந்து நிமிடம் போய்க்கொண்டே இருக்கிறது. பிளக் பாயின்ட் இருக்கும் இடத்தைத் தேடி உட்காரும் அவஸ்தையும் கூடவே தொடர்கிறது. கடைக்காரர் பில்லில் இதெல்லாம் ஏறாது. அதனால்தான் காத்திருப்பு இலவசம் என்ற மயக்கம் வருகிறது. ‘அடுத்த மாடல் இதைவிட நன்றாக இருக்குமா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘ஆம்’ என்றுதான் பதில் வரும். இன்று கேட்டாலும் அப்படித்தான், அடுத்த வருடம் கேட்டாலும் அப்படித்தான். எப்போது கேட்டாலும் ஒரே பதில் வரும் கேள்வியை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. அலை ஓய்ந்து தலை முழுகலாம் என்றிருப்பவர் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வரப்போவது என்ன, எப்போது என்று உறுதியாகத் தெரியுமா? அதுவரை கையில் இருப்பது தாக்குப்பிடிக்குமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் பொறுக்கலாம். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் வாங்கிவிடுவதே சரி.

‘2020-ல் நடந்தது என்ன?’ என்று மடக்குபவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்த வருடம் மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் இன்டெல் சிப் பொருத்திய மேக்புக் ஏர் ஒன்றை 999 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. நவம்பர் 10-ஆம் தேதி அதே 999 டாலருக்கு, தானே வடிவமைத்த எம்1 சிப் பொருத்திய மேக்புக் ஏரை அறிவித்தது. உள்ளே ஃபேன் கிடையாது, சத்தம் கிடையாது. நிறுவனத்தின் கணக்குப்படியே, 12 மணி நேரம் வீடியோ ஓடிய இடத்தில் 18 மணி நேரம் ஓடியது. மார்ச்சில் வாங்கியவருக்கு 2024-ல் வந்த செக்கோயாவே கடைசி மேக் ஓஎஸ். 2025-ல் வந்த டஹோ அவருடைய லேப்டாப்பில் ஏறாது, எம்1-ல் ஏறும். எட்டு மாதம் பொறுத்தவருக்கு அதே விலையில் வேகம், பேட்டரி, ஆயுள் மூன்றும் கூடுதலாகக் கிடைத்தன. காத்திருப்புக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைப்பது அரிது.

ஆனால் இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் வேறு விஷயம் தெரியவரும். மார்ச்சில் கடைக்குப் போனவருக்குக் கிடைத்ததெல்லாம் வதந்தி மட்டுமே. ஜூன் 22-ஆம் தேதிதான் இன்டெலிலிருந்து விலகுகிறோம், முதல் இயந்திரம் இந்த வருட முடிவுக்குள் வரும் என்று ஆப்பிள் பகிரங்கமாகச் சொன்னது. அன்றிலிருந்து நம்முடைய முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் கிடைத்துவிட்டது. பழைய லேப்டாப் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தவர் பொறுத்திருந்தது புத்திசாலித்தனம். அதே ஜூனில்தான் கொரோனாவால் பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்திருந்தன. வகுப்பில் சேர லேப்டாப்பே இல்லாத மாணவருக்கு இரண்டாவது கேள்வியின் பதில் ‘இல்லை’. அவர் நவம்பர் வரை பொறுத்திருந்தால் அரைப் பருவப் பாடம் போயிருக்கும். அவருக்கு அன்று கிடைத்த லேப்டாப்தான் சரியான லேப்டாப். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எம்1 வந்த பிறகும் ‘எம்2 வரட்டும்’ என்று உட்கார்ந்தவர், மேக்புக் ஏருக்காக 2022 ஜூலை வரை, அதாவது 20 மாதம் பொறுத்தார். ஆப்பிள் சொன்ன வேக உயர்வு 18 சதவிகிதம். விலையோ 1,199 டாலர். அவர் வேண்டாம் என்று விட்டுப்போன எம்1 அப்போதும் அதே 999 டாலருக்குக் கடையில் இருந்தது.

வதந்தியை நம்பி நிற்பதன் விலை என்ன என்பதற்கு அதே நிறுவனத்தின் பழைய வரலாற்றில் இன்னும் கடுமையான உதாரணம் இருக்கிறது. 2003 ஜூனில் ஜி5 சிப் கொண்ட மேசைக் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்த ஸ்டீவ் ஜாப்ஸ், ஒரே வருடத்தில் அது 3 கிகாஹெர்ட்ஸை எட்டும் என்று மேடையிலேயே வாக்குக் கொடுத்தார். மேசைக்கு வந்தது மடிக்கும் வந்துவிடும் என்று பவர்புக் ஜி5-க்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம். 2004-ல் அந்தச் சிப் 2.5 கிகாஹெர்ட்ஸைத்தான் எட்டியது. அந்தச் சூட்டைத் தணிக்கவே பெரிய பெட்டிக்குள் திரவத்தைக் குழாயில் ஓடவிட வேண்டியிருந்தது. ஓர் அங்குல கனமுள்ள லேப்டாப்புக்குள் அது எப்படிப் போகும்? 2005 ஜூன் 6-ஆம் தேதி ஆப்பிள் அந்தச் சிப் குடும்பத்தையே கைவிட்டு இன்டெலுக்கு மாறுவதாக அறிவித்தது. பவர்புக் ஜி5 வரவே இல்லை. 2006 ஜனவரியில் வந்த மேக்புக் ப்ரோ நல்ல இயந்திரம்தானே, பொறுத்தவர்களுக்கு அது கிடைத்ததே என்று சொல்லலாம். அவர்கள் காத்திருந்தது அதற்காக அல்ல என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டரை வருடம் பழைய இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவருக்கு 2003-லேயே கிடைத்திருக்கக்கூடிய பவர்புக் ஜி4, அந்த நேரத்துக்குள் தன் விலைக்கு உழைத்துக் கொடுத்திருக்கும்.

சரி, காத்திருந்தது சொன்னபடி வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது முந்தையதைவிட நல்லதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2016-ல் முற்றிலும் புது வடிவில் வந்த மேக்புக் ப்ரோவில் கீபோர்டை மெல்லியதாக்கினார்கள். ஒவ்வொரு கீயின் அடியிலும் பட்டாம்பூச்சிச் சிறகு போன்ற மெல்லிய அமைப்பு. அழுத்தினால் கீ கீழிறங்குவதே தெரியாது. அந்தச் சந்தில் ஒரு தூசியோ ரொட்டித் துகளோ நுழைந்துவிட்டால் ஒரு எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும். லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துப் பிடித்து, கீபோர்டு மேல் இடமிருந்து வலமாகக் காற்றடிக்கச் சொல்லி ஆப்பிளே வழிமுறை வெளியிட்டது. 2018 ஜூனில் இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தது. 2019 நவம்பரில் 16 அங்குல மாடலில் பழைய வகைக் கீபோர்டுக்கே திரும்பியது. 2016-ல் பிடுங்கிய எச்டிஎம்ஐ போர்ட்டும் மெமரி கார்டு துவாரமும் 2021-ல்தான் திரும்பி வந்தன. புது வடிவமைப்பின் முதல் வருடத்தில் அதன் குறைகளைக் கண்டுபிடிப்பவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்களே. விற்பனையில் ஒரு வருடம் கழித்த மாடலின் குறைகளோ எல்லோருக்கும் தெரிந்தவை.

‘வேகத்துக்காக இல்லை, நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பொறுக்கிறேன்’ என்பது அடுத்த வாதம். இதற்கு விண்டோஸ் பக்கம் பார்க்கலாம். 2021-ல் வந்த விண்டோஸ் 11, சொற்ப விதிவிலக்குகள் தவிர, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்களை ஏற்கவில்லை. ஏழாம் தலைமுறை சிப்போடு 2017-ன் தொடக்கத்தில் வாங்கிய லேப்டாப்புகள் வெளியே நின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. 2017-ல் ஓர் ஆறு மாதம் பொறுத்திருந்தால் தப்பித்திருக்கலாம், உண்மைதான். ஆனால் நான்கு வருடம் கழித்துக் கோடு எங்கே விழும் என்று அன்று யாருக்குத் தெரியும்? தெரியாத கோட்டுக்கு அஞ்சி நிற்பதைவிட, கண்ணுக்குத் தெரிகிற குறையைத் தவிர்ப்பது பயன் தரும். இன்றைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பிறகு கூட்டிக்கொள்ள வழியில்லை. ஆப்பிளே 2024 அக்டோபரில்தான் தன் லேப்டாப்புகளின் குறைந்தபட்ச ரேமை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கியது. 8 ஜிபி லேப்டாப்புக்கு ஒரு வருடம் பொறுத்திருப்பவரைவிட, இன்றே 16 ஜிபி வாங்குபவரின் லேப்டாப் அதிக நாள் உழைக்கும்.

விலை இறங்கும் என்று பொறுப்பவர்கள் வேறு வகை. அவர்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. புது மாடல் வந்ததும் பழையது இறங்குவது வழக்கம்; தேதி நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் சில வாரம் பொறுத்துப் பழையதைத் தள்ளுபடியில் வாங்குவது நல்ல யோசனை. அது அடுத்த மாடலுக்கான காத்திருப்பு ஆகாது; இதே மாடலைப் பேரம் பேசி வாங்குவதுதான். ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் விலை என்றாலே கீழே போகும் என்ற நம்பிக்கை அவ்வப்போது காலை வாரிவிடும். 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுவதும் ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. 2025-ன் கடைசியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை ஏறியது. இரண்டு முறையும் பொறுத்தவரே கூடுதலாகக் கொடுத்தார். நம் ஊரில் ரூபாய் மதிப்பு சரிந்தால் இறக்குமதிப் பொருளின் விலை ஏறுவது தனிக்கதை.

வாங்குபவரின் இந்தத் தயக்கம் ஒரு கம்பெனியையே சாய்த்ததாகச் சொல்லப்படுவதும் உண்டு. ஆடம் ஆஸ்பார்ன் 1981-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆஸ்பார்ன் 1, சுமார் 11 கிலோ எடையுள்ள ‘கையில் தூக்கிச் செல்லும்’ கம்ப்யூட்டர். விலை 1,795 டாலர். ரமண பக்தரான ஆர்தர் ஆஸ்பார்னின் மகன் அவர். திருவண்ணாமலையில் வளர்ந்தவர், 2003-ல் கொடைக்கானலில் காலமானவர். 1983-ல் அடுத்த மாடலைப் பற்றிய செய்தி அது தயாராகும் முன்பே வெளியே வர, வியாபாரிகள் பழைய மாடலுக்கான ஆர்டரை நிறுத்தினார்கள். அதே வருடம் செப்டம்பரில் கம்பெனி திவால் ஆனது. மலிவான போட்டியாளர்கள், நிர்வாகக் குளறுபடி என்று வேறு காரணங்களும் இருந்தன என்பது பின்னாளில் எழுதியவர்கள் சொல்வது. எப்படியோ, அடுத்ததைப் பற்றி வாய் திறந்தால் இன்றைய சரக்கு தேங்கும் என்ற பாடத்தைத் தொழில் முழுவதும் கற்றுக்கொண்டது. கடைசி நாள் வரை கம்பெனிகள் மௌனம் காக்கின்றன. அந்த இடைவெளியை வதந்திகள் நிரப்புகின்றன. வதந்தி பொய்த்தால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

ஆக, கம்பெனியே தேதி சொல்லிவிட்டது, வரப்போவது உங்களுடைய குறிப்பிட்ட ஒரு குறையைத் தீர்க்கும், கையில் இருப்பது அதுவரை ஓடும்: இந்த மூன்றும் சேர்ந்தால் காத்திருங்கள். அப்போதும் ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம். பேட்டரியோ ஹார்ட் டிஸ்க்கோ மட்டும் பழுது என்றால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். பல பழைய லேப்டாப்புகளுக்கு எஸ்எஸ்டி ஒன்று போட்டாலே இன்னும் இரண்டு வருட ஆயுள் கிடைக்கும். இவை எதுவும் பொருந்தவில்லை, லேப்டாப் இல்லாமல் வேலை கெடுகிறது என்றால், இன்று கடையில் இருப்பதில் உங்கள் வேலைக்குப் போதுமானதை, ரேம் பற்றாக்குறை இல்லாமல் வாங்குங்கள். வாங்கிய பிறகு ஒரு வருடத்துக்கு அடுத்த மாடல் பற்றிய செய்தியைப் படிக்காதீர்கள்.

(தொடரும்)